மூன்றா எட்டா

மார்கழி கடைசி வாரம்.
தை ஐந்துக்குள் அறுப்பு வண்டிகள் வந்து இறங்கும்.
அதற்குள் நூற்றி எண்பத்தேழு எண்களையும்
கையாலேயே ஏற்றியாக வேண்டும்.
பழையதையும் புதியதையும் இணைக்க ஒயர் கிடையாதாம்.
திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில்
போன் விற்ற பையன்
என் டிஜிட்டல் டைரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"இது கால்குலேட்டராக்கா?" என்றான்.

கால்குலேட்டரும்தான்.
மணிக்கு ஆயிரத்து எண்ணூறு,
ஒன்றே முக்கால் மணி நேரம்,
வரப்பில் நின்ற நேரம் கழிவு என்று
பதின்மூன்று வருடம் இதில்தான் பெருக்கினேன்.
இரண்டு பொத்தான் பேட்டரி.
இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால்
எல்லாம் மறந்துவிடும்.
ஒன்றை மாற்றி, மூடி,
திரை எரிகிறதா பார்த்து,
அப்புறம்தான் மற்றது.

அதற்குத் தமிழ் தெரியாது.
இங்கிலீஷில் பதினாறு எழுத்து, அவ்வளவுதான்.
கீழையூர் கிலையூர் ஆயிற்று.
ஊரை அடித்து முடிப்பதற்குள் இடம் தீர்ந்து
ரெஜினா மேரி
இத்தனை வருடமும் 'ஆலத்தம்பாடி ரெஜி'.

புதியதற்கு ழ தெரிகிறது.
கேள்விதான் அதிகம்.
முதல் பெயர், கடைசிப் பெயர், நிறுவனம், பிறந்தநாள்.
எடையூர் ஜபருல்லாவின் நிறுவனம் எது?
ஏழு மா நிலமும் ஒரு மோட்டார் கொட்டகையும்.
அப்படியே அடித்தேன். ஏற்றுக்கொண்டது.

ஏற்ற ஏற்ற
முகங்கள் வரத் தொடங்கின.
நான் கேட்கவில்லை.
வெறும் குரலாக இருந்தவர்கள்
வட்டம் வட்டமாக வந்து உட்கார்ந்தார்கள்.
அதட்டியே பேசும் இடும்பாவனம் கலியமூர்த்திக்கு
இவ்வளவு சின்ன முகமா!
விளக்குடி சங்கச் செயலாளர் ஒரு ரோஜாப்பூ.
ரெஜினா மேரி என்னைவிட இளையவள்.
அக்கா அக்கா என்று
எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்!

நூற்றி இருபதுக்கு மேல்
திரையின் வலது ஓரத்தில் மை கசிந்திருக்கிறது.
அதனால்தானே புதியது.
'மாதையன் செயின்.'
தலைவாசலிலிருந்து வருவான்.
டயர் வண்டி திணறும் சேற்றில்
அவன் செயின் வண்டி எருமை மாதிரி இறங்கும்.
மூன்று தைக்கு முன்னால்
அடுத்த வருடத்துக்கென்று
ஆறாயிரம் முன்பணம் வாங்கிப் போனவன்
வரவில்லை.
ரகசியப் பகுதியில் குறித்துவைத்தேன்,
கடவுச்சொல் போட்டு.
யாரிடமிருந்து ஒளித்தேன் என்று
இப்போது யோசித்தால் தெரியவில்லை.
கடைசி எண்ணை மை தின்றிருக்கிறது.
மூன்றா எட்டா.

எட்டு உபயோகத்தில் இல்லை.
மூன்று போட்டதும் ஒரு பெண்,
வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை.
மகளோ என்னவோ.
"மாதையன் இருக்காராம்மா" என்று அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு.
எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள்.

"மேடம், நான் ஓசூர்ல லேப் டெக்னீஷியன்.
இந்த சிம் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு.
மாதையன் யாருன்னே எனக்குத் தெரியாது.
பொங்கல் வந்தா போதும், ஒரே போன்.
வண்டி எப்ப வரும், மழை வருது, கதிர் சாஞ்சிருச்சு.
போன வருஷம் ஒருத்தர் அழுதுட்டார்.
நான் என்ன பதில் சொல்ல?"

ஆறாயிரத்தை நினைத்தேன்.
அழுதவர் கலியமூர்த்தியாக இருக்குமோ
என்றும் நினைத்தேன்.
சாய்ந்த கதிருக்கு
ஓசூரில் ரத்தம் பார்க்கும் பெண்ணிடம் மன்றாடியவர்.

"இனிமே யார் கூப்பிட்டாலும்
இந்த நம்பரைக் குடு. நான் வண்டி அனுப்புறேன்."

உடனே வந்தது பதில்:
"கமிஷன் எவ்ளோ தருவீங்க?"

வண்டிக்கு ஐம்பது என்றேன்.
நூறு என்றாள்.
எழுபத்தைந்தில் முடிந்தது.

சேமித்தேன்.
முதல் பெயர் மாதையன்.
கடைசிப் பெயர் ஓசூர்.
பிறந்தநாள் காலியாக இருக்கட்டும்.

இன்னும் அறுபத்தொரு எண் பாக்கி.
அடுத்தது மன்னார்குடி.
மை அங்கேயும் இருக்கிறது.